சிந்தசைசர் – ஒலிதொகுப்பி (நடுவில் ‘த்’ கிடையாது)

‘ஐ ஃபீல் லவ்’ பாட்டை ஹெட்போனில் ஒரு நிமிடம் கேளுங்கள். அப்புறம் ஒரு காதை மட்டும் கழற்றுங்கள். நான்கு கால் பாய்ச்சலில் ஓடிக்கொண்டிருந்த அடிச்சுரம் (பேஸ்) சட்டென்று நிதானமாகிவிடும். ஒரு காதில் மூல ஒலி, மறு காதில் அதுவே இம்மி தாமதித்து வருகிறது. இரண்டும் தலைக்குள் சேரும்போதுதான் குதிரை ஓடுகிறது. 1977-இல் வந்த பாட்டு. பாடியவர் டோனா சம்மர். தயாரித்தவர்கள் ஜார்ஜியோ மொரோடர், பீட் பெலாட். பதிவு நடந்தது மியூனிக்கின் மியூசிக்லேண்ட் ஸ்டுடியோவில். பாட்டில் மனிதக் குரலையும் ஒரே ஒரு முரசையும் தவிர மற்ற எல்லாமே ஒரு பெட்டியிலிருந்து வந்தவை. அந்தப் பெட்டியின் பெயர்தான் இங்கே பேச்சு: சிந்தசைசர்.

நம் ஊரில் இதற்கு நடைமுறைப் பெயர் ‘கீபோர்டு’. மேடையில் கறுப்பு வெள்ளைக் கட்டைகளோடு எது நின்றாலும் கீபோர்டுதான். பழக்கத்தில் தப்பில்லை, ஆனால் கட்டைகள் அந்தக் கருவியின் கைப்பிடி மட்டுமே. கதவின் பிடியைக் காட்டி வீட்டின் பெயரைச் சொல்வது போன்றது அது. இந்தப் பாட்டின் அடிச்சுரத்தை எந்த விரலும் கட்டை கட்டையாகத் தட்டவில்லை. எந்தச் சுரத்துக்குப் பின் எது என்ற வரிசையை முன்கூட்டியே அமைத்துக் கொடுத்தால் அதைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் சீக்வென்சர் என்ற உறுப்பு அந்த வேலையைச் செய்தது.

சரி, சொல்லுக்கு வருவோம். கிரேக்கத்தில் ‘சின்’ என்றால் உடன், சேர்ந்து. ‘தெசிஸ்’ என்றால் வைத்தல். இரண்டும் சேர்ந்த ‘சின்தெசிஸ்’ என்பது சேர்த்து வைத்தல். சொற்களைச் சேர்த்து அமைப்பதற்கும் பழைய கிரேக்கர்கள் இதே சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள். லத்தீன் வழியில் வந்த ‘கம்போசர்’ என்ற சொல்லுக்கும் பொருள் ஏறத்தாழ இதுதான்: சேர்த்து அமைப்பவர். ஆக, சிந்தசைசரும் இசையமைப்பாளரும் சொற்பொருளில் பங்காளிகள்.

இந்தப் பெயரை இசைக் கருவிக்குப் பரவலாக்கியவர்கள் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்துப் பொறியாளர்கள் ஹாரி ஓல்சனும் ஹெர்பர்ட் பெலாரும். 1950களின் நடுவில் அவர்கள் செய்தது ஓர் அறையை அடைக்கும் பூதம். சுரம், அளவு, நீளம் எல்லாவற்றையும் காகிதச் சுருளில் துளையிட்டுக் கொடுக்க வேண்டும். 1964-இல் ராபர்ட் மோக் தன் முதல் மாதிரியைச் செய்த பிறகுதான் கருவி ஸ்டுடியோவுக்குள் நுழையும் அளவுக்குச் சுருங்கியது. (ஆங்கில எழுத்தைப் பார்த்து நாம் ‘மூக்’ என்று படிக்கிறோம். அவர் தன் பெயரை ‘மோக்’ என்றுதான் சொல்வார்.) அதே காலத்தில் கலிஃபோர்னியாவில் இதே மாதிரிக் கருவி செய்த டான் புக்லாவுக்கு இந்தச் சொல்லே பிடிக்கவில்லை. சிந்தசைசர் என்றால் எதையோ பார்த்துப் போலியாகச் செய்தது என்ற வாடை வருகிறதே என்பது அவருடைய மனக்குறை.

அவர் குறை நியாயமானது. சேர்த்து வைத்தல் என்ற சாதுவான சொல்லுக்குள் ‘போலி’ என்ற பொருள் புகுந்ததற்கு வேதியியல்தான் காரணம். 19-ஆம் நூற்றாண்டில் இயற்கையில் கிடைப்பவற்றை ஆய்வகத்தில் பொருள்களைச் சேர்த்துச் செய்யத் தொடங்கினார்கள்; சாயம், இழை என்று அது நீண்டது. சேர்த்துச் செய்தது என்பது மெல்ல மெல்லச் செயற்கையானது என்றாகி, அங்கிருந்து ஒரிஜினல் இல்லாதது என்று சரிந்தது. தமிழ்ப் பாடநூல்களே இந்தப் பிளவுக்குச் சாட்சி. தாவரம் உணவு தயாரித்தால் ஒளிச்சேர்க்கை. ஆலை நூல் தயாரித்தால் செயற்கை இழை. மூலச்சொல் ஒன்றுதான். ஓரிடத்தில் ‘சேர்’ தெரிகிறது, இன்னோரிடத்தில் ‘செயற்கை’ தெரிகிறது.

இசைக்கருவியை எந்தப் பக்கம் வைப்பது? செயற்கை இசைக்கருவி என்று எழுதுபவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. வீணையும் மரத்தில் காய்ப்பதில்லை. தவிர, இந்தப் பாட்டு எதையும் போலி செய்யவில்லை. வயலின் மாதிரியோ குழல் மாதிரியோ ஒலிக்க அது முயலவே இல்லை. இந்தப் பாட்டு இடம்பெற்ற டோனா சம்மரின் ஆல்பம் கழிந்த காலங்களின் பாணிகளை ஒவ்வொரு பாட்டாக நினைவுபடுத்திக்கொண்டு வருவது. கடைசிப் பாட்டு மட்டும் எதிர்காலத்துக்கு என்று முடிவானது. எதிர்காலத்துக்கு ஏது அசல், அதைப் பார்த்து நகல் எடுக்க?

அந்த எதிர்காலத்தை உருவாக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. இந்தப் பாட்டுக்குப் பயன்பட்ட பெரிய மோக் கருவி இசையமைப்பாளர் எபர்ஹார்ட் ஷோனருடையது. அதை இயக்கத் தெரிந்தவர் அவருடைய உதவியாளர் ராபி வீடல். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் அதிலிருந்து வரும்; எனவே அடிச்சுரம் ஒரு தடத்தில், அடுத்தது இன்னொரு தடத்தில் என்று டேப்பில் அடுக்கடுக்காகப் பதிய வேண்டும். அடுக்குகள் ஒன்றோடொன்று பிசகாமல் ஓடுவதற்கு வீடல் ஒரு வழி காட்டினார்: டேப்பின் ஒரு தடத்தில் துடிப்பை மட்டும் பதிந்துகொண்டு, பிறகு பதிவது ஒவ்வொன்றையும் அந்தத் துடிப்போடு கட்டிவிடுவது. கருவி சூடேறினால் சுருதி நழுவும். சில பத்து விநாடிகள் பதிவு, நிறுத்து, சுருதி சேர், மறுபடி பதிவு. பெட்டியிலிருந்து மனதுக்குப் பிடித்த அளவு கனமான முரசடி மட்டும் வரவில்லை. அதனால் கீத் ஃபோர்சி என்ற டிரம்மரை உட்காரவைத்துப் பேஸ் டிரம்மை மிதிக்கவைத்தார்கள். இயந்திரப் பாட்டு என்று பேர்பெற்றதன் நடுவே ஒரு மனிதனின் கால் விடாமல் மிதித்துக்கொண்டிருக்கிறது.

ஆக, டேப்பின் அளவில் பார்த்தால் நடந்தது சேர்த்தல்தான். ஆனால் பெட்டிக்குள் நடப்பது வேறு. மோக் கருவியில் அலையியற்றி என்ற உறுப்பு ரம்பப்பல் போன்ற ஓர் அலையைக் கிளப்பும். அது கரகரவென்று இருக்கும். அடிப்படைச் சுரத்தோடு அதன் மேல் அதிர்வுகள் அத்தனையும் அதில் நெருக்கியடித்து நிற்கும். அதை வடிகட்டியின் வழியே விட்டு, வேண்டாத மேல் அதிர்வுகளை நீக்கினால்தான் உருண்டையான அடிச்சுரம் கிடைக்கும். ‘இஸ்ஸ்’ என்று கேட்கும், டிரம்மரின் சிம்பல் தட்டு மாதிரியான ஒலியும் இப்படித்தான்: எல்லா அதிர்வுகளும் கலந்த வெள்ளை இரைச்சலை எடுத்துக்கொண்டு, வெட்டி, நறுக்கிக் கொடுப்பது. ஒலி எழுந்ததும் எவ்வளவு சீக்கிரம் அடங்க வேண்டும் என்பதையும் இன்னோர் உறுப்பு கத்தரித்துவிடும். சேர்க்கும் கருவி என்று பேர், செய்யும் வேலை கழித்தல். கிரேக்கச் சொல் இந்த இடத்தில் கை விரித்துவிடுகிறது.

தமிழ் கை விரிக்காது என்பதுதான் எனக்குள்ள சந்தோஷம்.

முதலில் பொருந்தாதவற்றைத் தள்ளிவிடலாம். ‘ஒலிச்சேர்ப்பி’ பரவாயில்லை, ஆனால் அதன் செயலை ‘ஒலிச்சேர்க்கை’ என்று எழுதிய மறுகணம் பிழை திருத்துபவர் லகரத்தை ளகரமாக்கி இலைக்குப் பச்சையம் பூசிவிடுவார். ‘ஒலிகூட்டி’யில் சுருதி கூட்டும் வாசனை இருக்கிறது, கேட்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் கூட்டல் என்றால் கூட்டல்தான், அதில் கழித்தலுக்கு இடமில்லை. மிஞ்சுவது ‘தொகு’.

தொகுத்தல் என்றால் சேர்த்தல் என்று எல்லோருக்கும் தெரியும். எட்டுத்தொகை எட்டு நூல்களின் சேர்க்கை. ஆனால் பள்ளி இலக்கண வகுப்பைக் கொஞ்சம் நினைவுபடுத்திப் பாருங்கள். ‘பால் குடித்தான்’ என்பது வேற்றுமைத்தொகை. ஏன் தொகை? ‘ஐ’ உருபு மறைந்திருக்கிறது, அதாவது தொக்கு நிற்கிறது. நன்னூல் செய்யுள் விகாரங்களைச் சொல்லும்போது வலித்தல், மெலித்தல், நீட்டல், குறுக்கல், விரித்தல் என்று அடுக்கி, ஆறாவதாகத் தொகுத்தலைச் சொல்கிறது. அங்கே தொகுத்தல் என்றால் எழுத்தை விட்டுவிடுவது. ‘மழவரை ஓட்டிய’ என்று இருக்க வேண்டியது ‘மழவரோட்டிய’ என்று ஆவது தொகுத்தல் விகாரம். ஓசைக்காக ஓர் ஒலியைக் குறைப்பதற்கே அந்தப் பெயர். சேர்ப்பதும் தொகுத்தல், இடையில் இருப்பதை மறையவைத்து இறுக்குவதும் தொகுத்தல். சினிமாக்காரர்களுக்கு இது எப்போதோ தெரியும்; நாள் முழுக்க வெட்டிக்கொண்டே இருப்பவரைத்தான் படத்தொகுப்பாளர் என்கிறோம்.

அடுக்கடுக்காகச் சேர்த்து, ஒவ்வோர் அடுக்கையும் உள்ளுக்குள் கழித்து இறுக்கிய அந்தப் பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வினைச்சொல் எனக்குத் தோன்றவில்லை. வெறும் ‘தொகுப்பி’ போதாது. கணினியில் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்கும் அந்தப் பெயரைச் சிலர் எழுதுகிறார்கள். எனவே ஒலிதொகுப்பி.

அந்தப் பாட்டு இன்னும் அலுக்காததற்கும் இந்தக் கழித்தலில்தான் காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். கதை இல்லை, வாத்தியக் கூட்டம் இல்லை, வரிகளும் கொஞ்சமே. கீழே துரித காலத்தில் அடிச்சுரம் ஓட, மேலே டோனா சம்மரின் குரல் விளம்ப காலத்தில் நீண்டு மிதக்கிறது. அவர் ஓட்டத்தைத் துரத்துவதே இல்லை. இரண்டு காலங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் கேட்பவன் போய் உட்கார்ந்துகொள்கிறான். பிரிட்டனில் 1977-இல் நான்கு வாரம் முதலிடம். அமெரிக்காவில் ஆறாம் இடம் வரை. பெர்லினில் பாடகர் டேவிட் போவியோடு வேலை செய்துகொண்டிருந்த இசைக்கலைஞர் பிரையன் ஈனோ, இந்த இசைத்தட்டோடு ஓடிவந்து, அடுத்த பதினைந்து ஆண்டு கிளப் இசையை இது மாற்றப்போகிறது என்றாராம். போவி பின்னாளில் சொன்னது. ஈனோவின் கணக்கு ரொம்பவே குறைவு. 1978-இல் சான் பிரான்சிஸ்கோவில் இசைக்கலைஞர் பேட்ரிக் கௌலி இதைப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நீட்டினார் (இலக்கணப்படி இது விரித்தல்). 2022-இல் பாடகி பியான்சே தன் ஆல்பத்தின் கடைசிப் பாட்டில் இதன் மெட்டை எடுத்துக் கையாண்டார்.

கடைசியாக அந்த ‘த்’. ஒலித்தொகுப்பி என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது. ஆனால் ஒலியைப் பெருக்குவது ஒலிபெருக்கி. அதை நாம் ஒலிப்பெருக்கி என்று எழுதுவதில்லை. இரண்டாம் வேற்றுமைத் தொகையில் வல்லினம் மிகாது. ஒலியைத் தொகுப்பது ஒலிதொகுப்பி. அந்தச் சொல்லுக்குள்ளேயும் ஓர் ‘ஐ’ தொக்கு நிற்கிறது.