ரப்பர் புஷ்ஷுக்குத் தண்ணீரே போதும்

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “தடைக்காலத்தில் எங்கள் விசைப்படகைக் கரையேற்றி வேலை பார்த்தோம். பின்பக்கம் புரொப்பல்லர் ஷாஃப்ட் போகிற குழாயில் இருந்த கன்மெட்டல் புஷ்ஷை எடுத்துவிட்டு ரப்பர் புஷ் போட்டிருக்கிறோம். இதற்கு கிரீஸ் வைக்கவே கூடாது, கடல் தண்ணீரே போதும் என்கிறார் மெக்கானிக். உப்புத் தண்ணீர் எப்படி கிரீஸ் வேலையைச் செய்யும்?”

புஷ் என்பது சுற்றும் ஷாஃப்ட்டைத் தாங்கும் குழல் போன்ற உறை. கன்மெட்டல் என்பது செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம். மெக்கானிக் சொன்னது சரிதான். ஆனால் அந்த வேலையைத் தண்ணீர் தனியாகச் செய்வதில்லை. ரப்பரும் சேர்ந்துதான் செய்கிறது. எனக்கு மிகவும் பிடித்த விஷயமே அதுதான்.

பள்ளியில் படித்த உராய்வுக் குணகத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். காய்ந்த ரப்பரை எஃகின் மீது தேய்த்தால் அது 1-ஐத் தொடும், சில சமயம் தாண்டியும் போகும். அதே ரப்பர் புஷ் தண்ணீரில் நனைந்து, ஷாஃப்ட் நல்ல வேகத்தில் சுற்றும்போது 0.01 அளவுக்கு இறங்கிவிடும். வெறுமனே நனைந்ததால் மட்டும் இவ்வளவு குறையாது. சுற்ற ஆரம்பித்ததும் இரண்டுக்கும் நடுவே தண்ணீர் புகுந்து ஷாஃப்ட்டைத் தூக்கிவிடுகிறது. ஓடும் படகில் ஷாஃப்ட் ரப்பரைத் தொடுவதே இல்லை என்று சொல்லலாம்.

இந்தத் தூக்கலைக் கண்டுபிடித்த கதையைச் சொல்லாமல் மேலே போக மனமில்லை. 1883-இல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளின் பேரிங்கில் உராய்வை அளந்துகொண்டிருந்தார். எண்ணெய் ஊற்ற வசதியாக பேரிங்கின் மேல்பகுதியில் ஒரு துளை போட்டார். இயந்திரத்தை ஓட்டியதும் அந்தத் துளை வழியாக எண்ணெய் பொங்கி வந்தது. கார்க் வைத்து அடைத்தார், கார்க் வெளியே வந்தது. மரக்கட்டை வைத்து அடித்தார், அதுவும் மெல்ல வெளியே வந்துவிட்டது. அழுத்தமானியைப் பொருத்தினால், பேரிங் சுமந்த சராசரி அழுத்தத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் காட்டியது. அச்சைத் தாங்கிக்கொண்டிருந்தது உலோகம் அல்ல, நடுவில் இருந்த எண்ணெய்ப் படலம்! 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற அறிஞர் இதற்குச் சமன்பாடு எழுதினார்.

விஷயம் இதுதான். ஷாஃப்ட் புஷ்ஷைவிடச் சற்றுச் சிறியது. அது அடியில் படிந்து கிடப்பதால், பக்கவாட்டில் இருக்கும் இடைவெளி கீழே போகப் போகக் குறுகுகிறது. ஷாஃப்ட் சுற்றும்போது தன்னோடு ஒட்டிய தண்ணீரையும் அந்தக் குறுகலுக்குள் இழுத்துப் போகிறது. உள்ளே போன தண்ணீருக்கு விலகிப் போக நேரம் இல்லை. அழுத்தம் ஏறுகிறது, ஷாஃப்ட் மேலே எழும்புகிறது. மழையில் ஈசிஆர் சாலையில் வேகமாகப் போகும் கார் திடீரென்று பிரேக்குக்குக் கட்டுப்படாமல் வழுக்குமே, அங்கே டயருக்கு அடியில் நடப்பதும் இதேதான். 32 பிஎஸ்ஐ காற்று உள்ள டயர், தேங்கிய தண்ணீரில் மணிக்கு 95 கிலோமீட்டரை நெருங்கும்போது தரையை விட்டு எழும்பத் தொடங்கும் என்பது விமான டயர்களை வைத்துச் செய்த சோதனைகளிலிருந்து வந்த கணக்கு. சாலையில் ஆளைக் கொல்கிற இந்த விளைவுதான் படகில் புஷ்ஷைக் காப்பாற்றுகிறது.

சரி, ரப்பர் எதற்கு? கன்மெட்டலிலும் தண்ணீர் இதையே செய்யலாமே?

தண்ணீரின் பாகுநிலை, அதாவது கொழகொழப்பு, மிகக் குறைவு. 40 டிகிரியில் சாதாரண எஞ்சின் ஆயிலுக்கு இருக்கும் பாகுநிலையில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான் நம் கடல் தண்ணீருக்கு. அதனால் அது உண்டாக்கும் படலமும் மிக மெல்லியது. இரண்டு பக்கமும் உலோகமாக இருந்தால், அவற்றின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய மேடுகள் அந்தப் படலத்தைக் கிழித்துக்கொண்டு ஒன்றையொன்று உரசும்.

ரப்பர் எஃகைவிடப் பல்லாயிரம் மடங்கு மென்மையானது. புஷ்ஷில் வரும் அழுத்தம் பெரிதல்ல, வழக்கமாகச் சதுர சென்டிமீட்டருக்கு இரண்டரை கிலோ அளவுதான். எஃகு இதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. ரப்பர் குழிந்து கொடுக்கும். தண்ணீரின் அழுத்தமே அந்தக் குழிவை உண்டாக்குகிறது. குழிந்ததும் தண்ணீர் தாங்கும் பரப்பு அகலமாகிறது, அது தப்பிப் போக வேண்டிய தூரமும் கூடுகிறது. அதனால் தண்ணீர் அங்கேயே நிற்கிறது, படலம் தடிக்கிறது. தண்ணீர் வெளியேறும் விளிம்பில் ரப்பர் சற்றே மேலெழுந்து ஒரு குறுகலான வரப்பை உண்டாக்குகிறது. அது தண்ணீரை இன்னும் கொஞ்சம் தடுத்து நிறுத்துகிறது. ரப்பரின் மேற்பரப்பில் உள்ள மேடுகளும், ஷாஃப்ட் தொடுவதற்கு முன்பே, தண்ணீரின் அழுத்தத்தில் தட்டையாகிவிடுகின்றன. அழுத்தம் வடிவத்தை மாற்றுகிறது, மாறிய வடிவம் அழுத்தத்தை மாற்றுகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் நிலையில் ஷாஃப்ட் மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் மிதக்கிறது. இப்படியொரு வடிவத்தை எந்த லேத்திலும் கடைந்தெடுக்க முடியாது. வேகமும் சுமையும் மாற மாற, ரப்பர் அந்தந்த நொடிக்கு ஏற்ற பள்ளத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

படலம் தடிப்பாக இருக்க வேண்டும் என்றால் சுமை பரவ வேண்டும். அதனால்தான் ரப்பர் புஷ்ஷின் நீளம் வழக்கமாக ஷாஃப்ட் விட்டத்தைப் போல நான்கு மடங்கு இருக்கும். 60 மில்லிமீட்டர் ஷாஃப்ட்டுக்கு 240 மில்லிமீட்டர் புஷ்.

அடுத்தது மணல். கெடிலமும் உப்பனாறும் கடலில் சேரும் முகத்துவாரத்தில் ஓடுகிற படகுக்கு இது சின்ன விஷயம் அல்ல. கன்மெட்டலில் ஒரு மணல் துகள் பதிந்துவிட்டால் அது அங்கேயே நின்று ஷாஃப்ட்டை அரம் போல ராவும். ரப்பரில் துகள் உள்ளே அமுங்குகிறது, சுற்றும் ஷாஃப்ட் அதை உருட்டிக்கொண்டே போகிறது. புஷ்ஷின் உள்பக்கம் நீளவாக்கில் பள்ளங்கள் இருக்குமே, அவற்றில் ஒன்று வந்ததும் துகள் அதில் விழுந்து தண்ணீரோடு வெளியே போய்விடும். டயரின் பள்ளம் படலத்தை உடைப்பதற்கு. புஷ்ஷின் பள்ளம் படலத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்து, மணலையும் சூட்டையும் கொண்டுபோவதற்கு. இந்த புஷ்ஷே மணல் தொல்லையில் பிறந்ததுதான். 1920களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் ஷெர்வுட் என்ற சுரங்கப் பொறியாளர், பம்ப்பின் பேரிங் போய்விட்டதும் கைக்குக் கிடைத்த ரப்பர் குழாய்த் துண்டைத் தற்காலிகமாக அந்த இடத்தில் வைத்தார். அது உலோகத்தைவிட நீடித்து உழைத்தது. அதற்கு முன்பு, 1850களிலிருந்து, கப்பல்களில் லிக்னம் விட்டே என்ற கடினமான மரத்தைத்தான் இந்த இடத்தில் வைத்திருந்தார்கள்.

தேய்மானத்தில் பெரும்பகுதி ஷாஃப்ட் மெதுவாகச் சுற்றும்போது நடக்கிறது. கிளம்பும் நேரம், நிற்கும் நேரம். வேகம் குறைந்தால் படலம் மெலிந்து ரப்பர் ஷாஃப்ட்டைப் பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும். படகு மெதுவாக ஊரும்போது பின்னாலிருந்து வரும் கிரீச் சத்தம் இதுதான். காய்ந்த ரப்பர் வழுக்கும்போது பல சமயம் முழுப்பரப்பும் ஒன்றாக நகர்வதில்லை, நுண்ணிய சுருக்கங்கள் அலையாக ஓடுகின்றன என்று 1971-இல் ஷல்லமாக் என்ற ரப்பர் ஆய்வாளர் காட்டினார்.

தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் நிமிடங்களில் புஷ் கருகிவிடும். ரப்பர் சூட்டைக் கடத்துவது கன்மெட்டலைவிடச் சில நூறு மடங்கு குறைவு. வெளியேற வழியில்லாத சூடு அங்கேயே தேங்கும். ரப்பர் புஷ் உள்ள போர்வெல் மோட்டாரைத் தண்ணீர் இல்லாமல் ஓடவிடக்கூடாது என்பதற்கும் இது ஒரு காரணம்.

இப்போது கிரீஸுக்கு வருவோம். இயற்கை ரப்பர் பெட்ரோலிய எண்ணெயை உறிஞ்சி ஊதிவிடும். ஊதினால் ஷாஃப்ட்டை இறுக்கிப் பிடிக்கும். நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் எண்ணெயைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் அதிலும் கிரீஸ் பள்ளங்களை அடைத்துக்கொள்ளும், மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெளியே போயிருக்க வேண்டிய மணல் உள்ளேயே அரைத்துக்கொண்டிருக்கும்.

புஷ் அடிக்கடி பிடித்துக்கொண்டால் கண்திருஷ்டி என்று சொல்கிறவர்கள் நம் கடற்கரையில் இருக்கிறார்கள். எலுமிச்சம்பழம் கட்டுவது அவரவர் நம்பிக்கை. ஆனால் அதோடு நின்றுவிட்டு, தண்ணீர் வரும் வழி அடைந்திருக்கிறதா என்று பார்க்காமல் விடுவது பணத்தையும் சில சமயம் உயிரையும் கேட்கும். நடுக்கடலில் ஷாஃப்ட் நின்றுபோன படகு காற்று இழுக்கிற பக்கம்தான் போகும். டவரின் சோதனையை நடத்தச் செய்தது, இயந்திரப் பொறியாளர்கள் தங்களுக்காக நடத்திய ஒரு சங்கம். நம் கடலூர், புதுச்சேரி பாலிடெக்னிக் ஒன்றில் ஒரு மோட்டார், ஒரு ஷாஃப்ட், ஒரு தொட்டி துறைமுகத் தண்ணீர் இருந்தால் எந்த ரப்பர் நம் மணலுக்கு எவ்வளவு தாங்குகிறது என்று அளந்துவிடலாம். பெரிய ஆய்வுகளுக்குப் போகும் நிதியில் சிறு துளி இதற்கு வந்தால் போதும், வர வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

கேள்வி கேட்டவருக்குச் சில வார்த்தைகள். கரையில் இருக்கும்போது கியர் போட்டு ஷாஃப்ட்டைச் சுற்ற வைக்காதீர்கள். கையால் சுற்றிப் பார்க்க வேண்டுமானால் சோப்புத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். படகு மாதக்கணக்கில் துறைமுகத்தில் கிடந்தால் பள்ளங்களுக்குள் கொட்டலசு (ஒட்டி வளரும் ஓடுள்ள கடல் உயிர்) வளரும். இறக்குவதற்கு முன் சுரண்டி எடுங்கள். அப்புறம், ஷாஃப்ட்டையும் பாருங்கள். ரப்பரின் மேடுகளைத் தண்ணீர் தட்டையாக்கிவிடும், எஃகின் கீறல்களை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. பழைய கன்மெட்டல் புஷ் உட்கார்ந்திருந்த இடத்தை நகத்தால் வருடுங்கள். நகம் தட்டினால், படகை இறக்கும் முன் ஷாஃப்ட்டை லேத் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்துவிடுங்கள். இல்லையென்றால் புது புஷ் அடுத்த தடைக்காலம் வரை தாங்காது.