புது மெஷின் வாங்கியாச்சா? கொஞ்சம் டிஸ்கையும் பாருங்கள்

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் காரைக்குடிப் பக்கம் எந்தப் பட்டறைக்குப் போனாலும் பேச்சு ஒன்றுதான், யார் என்ன வாங்கினார்கள் என்பது. பள்ளத்தூர்க்காரர் சாக்கெட் செட்டைத் திறந்து காட்டுவார், புதுவயலில் ரைஸ்மில் வேலைக்குப் போகிற தம்பி கார்ட்லெஸ் டிரில்லை இடுப்பில் செருகிக்கொண்டு வருவான், தேவகோட்டை ரோட்டுக்காரர் இரும்பு வெட்டுகிற கிரைண்டரை ஓட்டியே காட்டிவிடுவார். "அண்ணே, உங்களுது எத்தனை வாட்ஸ்?" "டேய் மாப்ள, இது ஆயிரம் நியூட்டன் மீட்டர்டா." நல்ல பழக்கம்தான். என் பெட்டியில் இருப்பதில் பாதி, அடுத்தவர் கையில் பார்த்து, பிடித்து, எடை பார்த்து வாங்கியதுதான். டப்பாவைப் படித்து வாங்கியது குறைவு.

ஆனால் இப்படி ஒப்பிடும்போது எல்லோரும் பெரிய நம்பரை மட்டும்தான் பார்க்கிறார்கள். கையை வெட்டுகிற நம்பரும் கண்ணைக் கெடுக்கிற நம்பரும் டப்பாவின் முன்பக்கத்தில் இருப்பதில்லை. அதோடு, காட்டிய மெஷின் அன்றைக்கே இரவல் போய்விடும். மெஷின் போகும், டிஸ்க்கை மூடி நிற்கிற கார்டு என்ற தடுப்பு போகாது, பக்கக் கைப்பிடி போகாது, என்ன டிஸ்க் போடலாம் என்ற விவரமும் போகாது. பட்டறைகளில் நான் பார்த்த காயங்களில் பெரும்பகுதி சொந்த மெஷினில் பட்டது இல்லை, வாங்கி வந்த மெஷினில் பட்டது.

கிரைண்டரில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதிகம் கைமாறுவது அதுதான். நாலு இஞ்ச் கிரைண்டர் சும்மா ஓடும்போது நிமிஷத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்று சுற்றும். அந்த வேகத்தில் டிஸ்க்கின் ஓரம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. நாலு இஞ்ச் கட்டிங் டிஸ்க்கின் முகத்தைப் பார்த்தால் 15,300 சுற்று அல்லது அதற்குக் கிட்ட ஒரு நம்பர் போட்டிருக்கும், அதுதான் அது தாங்குகிற எல்லை. இப்போது ஏழு இஞ்ச் டிஸ்க்கைப் பாருங்கள், 8,500 என்று இருக்கும். கனமான சட்டத்தை வெட்ட டிஸ்க் எட்டவில்லை என்று கார்டைக் கழற்றி வீசிவிட்டு, நாலு இஞ்ச் மெஷினில் ஏழு இஞ்ச் டிஸ்க்கை மாட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மெஷின் தண்டுக்கு வேண்டிய ஓட்டை 16 மில்லிமீட்டர், பெரிய டிஸ்க்கின் ஓட்டை 22 மில்லிமீட்டர் சொச்சம். அந்த இடைவெளிக்கு ஒரு வாஷரை வைத்து ஒப்பேற்றுவார்கள். 8,500-க்குச் செய்த சாமான் 11,000-ல் சுற்றுகிறது, நடுவில் உட்காரவும் இல்லை, மேலே கார்டும் இல்லை. அது வெடித்தால் துண்டு எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஐந்து இஞ்ச் டிஸ்க் பரவாயில்லையே, அதில் 12,200 போட்டிருக்கிறதே என்று ஒரு தம்பி கேட்டான். நம்பர் சரிதான், ஆனால் கார்டைக் கழற்றாமல் அது உள்ளே போகாது, ஆகவே அதுவும் வேண்டாம். மரம் அறுக்கிற பல் பிளேடைக் கிரைண்டரில் போடுவதைப் பற்றிப் பேசவே எனக்குப் பொறுமை இல்லை. பல் சிக்கியவுடன் மெஷின் எத்தும், எத்தினால் முகத்துக்கோ தொடைக்கோதான் வரும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது, டிஸ்க்குக்கும் காலாவதித் தேதி உண்டு. நடுவில் இருக்கிற தகர வளையத்தில் மாதமும் வருஷமும் பொறித்திருப்பார்கள். ரெசின் என்ற பசை வைத்து ஒட்டிய சாமான், மூன்று வருஷம் என்பது பொதுவான கணக்கு. ஈரம் பட்டால் அதற்கு முன்னாலேயே வலு போய்விடும். மழைக்காலத்தில் தகரக் கொட்டகை ஒழுகி நனைந்த டிஸ்க்கை வெயிலில் காயவைத்துப் போடுகிறவர்களும் உண்டு. இருபது, முப்பது ரூபாய்ச் சாமானுக்கு இந்தச் சிக்கனம் எதற்கு? மேசையில் பொருத்துகிற பெஞ்ச் கிரைண்டர் கல் வேறு கணக்கு. அதை விரலில் தொங்கவிட்டு மரக் கைப்பிடியால் தட்டினால் கணீர் என்று கேட்க வேண்டும், மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல்.

அப்புறம் சுவிட்ச். நம் ஊரில் கரண்ட் போவது புதிதில்லை. கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது போகும், தள்ளு சுவிட்ச் ஆனிலேயே நிற்கும், ஆள் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். கரண்ட் வந்ததும் மெஷின் தானாகத் தரையில் துள்ள ஆரம்பிக்கும். பக்கத்தில் உட்கார்ந்து கார்புரேட்டர் துடைக்கிற பையனின் கால்தான் முதலில் அகப்படும். புதிதாக வாங்குகிறவர்கள் கரண்ட் திரும்பி வந்தால் தானாக ஓடாத வசதி இருக்கிறதா, கையை எடுத்தால் நிற்கிற அமுக்கு சுவிட்ச் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். நூறு வாட்ஸ் கூடுதலாக இருப்பதைவிட இது பெரிய விஷயம். பழைய மெஷின் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரே வழி, கரண்ட் போன நிமிஷமே பிளக்கைப் பிடுங்குவது.

கைலியும் தோளில் துண்டுமாகக் கிரைண்டர் பிடிக்காதீர்கள் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். டிரில்லிலும் பெஞ்ச் கிரைண்டரிலும் நூல் கிளவுஸ் போடாதீர்கள் என்றால் இன்னும் சிரிக்கிறார்கள். சுற்றுகிற தண்டில் ஒரு நூல் பிடித்தால் விரலோடு சுருட்டிக்கொள்ளும்.

கண்ணைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். கூலிங் கிளாஸ் கண்ணாடி கிடையாது, பக்கவாட்டில் மூடிய கண்ணாடிதான் வேண்டும். அது இல்லாமல் இரும்பு வெட்டி, பொறி கண்ணில் விழுந்தால் நம் பக்கத்தில் நடப்பதே வேறு. ஒருத்தர் துண்டு நுனியை முறுக்கி எடுக்கப் பார்ப்பார், ஒருத்தர் நாக்கால் எடுக்கத் தெரிந்த ஆளைத் தேடுவார், வீட்டில் தாய்ப்பால் விடச் சொல்வார்கள். இது எதையும் செய்ய வேண்டாம். கசக்காமல், சுத்தமான தண்ணீரில் கழுவிவிட்டு, உறுத்தல் இருந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். இரும்புத் துகள் கருவிழியில் கிடந்தால் அதைச் சுற்றித் துரு வளையம் பிடிக்கும். அதைச் சுரண்டி எடுப்பது தனி வேலை, தழும்பு நின்றுவிட்டால் பார்வையே மங்கும். தூளை எடுத்தாச்சு, உறுத்தல் குறைந்தாச்சு என்று மறுநாள் மறுபடி கிரைண்டரைத் தொடுகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

இப்போது பேட்டரி மெஷின். சிக்ரி என்ற மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊரில் நான் பேட்டரியைப் பற்றிப் பேசுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், ஆனாலும் சொல்கிறேன். ஒருத்தர் டப்பாவில் 18 வோல்ட், இன்னொருத்தருடையதில் 20 வோல்ட், மூன்றாவது ஆள் ஆன்லைனில் வாங்கியதில் 88 வோல்ட், 128 என்றெல்லாம் போட்டிருக்கும். திறந்து பார்த்தால் பெரும்பாலும் எல்லாவற்றிலும் ஐந்து செல் வரிசைதான். ஒரு லித்தியம் செல் 3.6 வோல்ட், ஐந்து சேர்ந்தால் 18. முழு சார்ஜில் செல்லுக்கு 4.2, ஆக 21. பதினெட்டு என்பதும் இருபது என்பதும் ஒரே சாமானின் இரண்டு பெயர். எண்பத்தெட்டு என்பது வெறும் ஸ்டிக்கர்.

பேட்டரி எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்று சொல்கிற ஆம்பியர் அவரிலும் இதே கதை. நம்மிடம் அதிகம் வருகிற 18650 செல், அதாவது 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம் உள்ளது, நல்ல கம்பெனி செய்தாலும் பெரும்பாலும் மூன்றரை ஆம்பியர் அவருக்கு மேல் பிடிக்காது. ஐந்து செல் மட்டும் இருக்கிற ஒற்றை வரிசைப் பேக்கில் 6,000 மில்லி ஆம்பியர் அவர், அதாவது ஆறு ஆம்பியர் அவர் என்று எழுதியிருந்தால் அது எழுத்தோடு சரி. உடைத்துப் பார்க்காமல் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மளிகைக் கடைத் தராசில் வையுங்கள். ஒரு செல் ஏறத்தாழ 45 கிராம். இந்த செல் வைத்த நாலு ஆம்பியர் அவர் பேக் என்றால் உள்ளே ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை, பத்து செல் இருக்க வேண்டும், செல் மட்டுமே 450 கிராம், வெளிக்கூடும் சர்க்யூட் பலகையும் சேர்ந்தால் அறுநூறுக்கு வந்துவிடும். முந்நூற்றைம்பதில் நின்றால் உங்களிடம் என்ன விற்றார்கள் என்று தெரிந்துவிடும். போன ஆயுத பூஜைக்கு எங்கள் பட்டறையில் இதைச் செய்தோம், இரண்டு பேர் முகம் செத்துப்போனது.

அந்த மாதிரிப் பேக்கில் செல்லைச் சமன் செய்கிற பலகையும் சுமார்தான். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் சார்ஜ் போட்டுவிட்டு ராத்திரி பூட்டிப் போகாதீர்கள். 45 டிகிரிக்கு மேல் சூடான பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது. வேலை முடிந்த கையோடு சூட்டில் போடாமல் ஆறவிட்டுப் போடுங்கள், பெட்ரோல் டின் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

ஆயிரம் நியூட்டன் மீட்டர் மாப்பிள்ளைக்கு வருவோம். அவன் சொன்னது நட்டைத் திருகுகிற பலத்தின் கணக்கு. நட்டை அடித்து அடித்துத் திருகுகிற இம்பாக்ட் கன்னில் பெரும்பாலும் டப்பாவில் போடுகிற பெரிய நம்பர் கழற்றும்போது கிடைப்பது, முடுக்குகிற நம்பர் அதைவிடக் குறைவு. ஒருத்தருடைய கழற்று நம்பரையும் இன்னொருத்தருடைய முடுக்கு நம்பரையும் வைத்துச் சண்டை போடுவதில் பிரயோஜனம் இல்லை. அதைவிட முக்கியம், கன்னில் எந்த சாக்கெட் போடுகிறீர்கள் என்பது. பளபளவென்று குரோம் பூசிய சாக்கெட் கைக்கு. கன்னுக்கு கறுப்பாக, தடித்த சுவரோடு வரும் இம்பாக்ட் சாக்கெட்தான். கை சாக்கெட்டைக் கன்னில் போட்டால் ஒருநாள் வெடித்துச் சிதறும், குரோம் செதில் கண்ணாடித் துண்டு மாதிரி தெறிக்கும். இரவல் கேட்கிறவரிடம் கன்னைக் கொடுத்தால் கறுப்பு சாக்கெட்டையும் சேர்த்தே கொடுங்கள், இல்லையென்றால் அவர் பெட்டியில் இருக்கிற பளபளப்பைத்தான் மாட்டுவார்.

கார் வீல் நட்டைக் கன்னாலேயே கடைசிவரை முடுக்கி அனுப்புவது இன்னொரு கெட்ட பழக்கம். சின்னக் கார்கள் பலவற்றுக்கு 85 முதல் 110 நியூட்டன் மீட்டர்தான் கேட்பார்கள், வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பாருங்கள். கன் முந்நூறு நானூறு என்று அடித்துவிடும், நட்டு ஏறுகிற ஸ்டட் இழுபட்டுப் போகும். பஞ்சராகி நடுரோட்டில் நிற்கிற ஆச்சி வீட்டு டிரைவர் அந்தச் சின்ன எல் ஸ்பேனரில் ஏறி நின்றாலும் கழறாது. நட்டைக் கையால் மரையில் ஏற்றி, எதிர் எதிராக முடுக்கி, கடைசியில் முடுக்குகிற அளவைக் காட்டுகிற டார்க் ரெஞ்ச்.

கை சாமானில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர. இங்கே பழைய வீடுகளில் இன்னும் அம்பாசிடரும் பழைய புல்லட்டும் நிற்கின்றன, அவற்றில் பல நட்டு இஞ்ச் கணக்கு. அரை இஞ்ச் என்றால் 12.7 மில்லிமீட்டர், அதில் 13 நம்பர் ஸ்பேனர் போய் உட்காரும், ஆடும், முனையைத் தின்றுவிடும், ஸ்பேனர் வழுக்கினால் விரல் முட்டி பெயரும். முக்கால் இஞ்ச் 19.05, அதில் 19 போடலாம். பழைய புல்லட்டில் விட்வொர்த் என்ற பழைய இங்கிலீஷ் அளவு வேறு வரும், அதன் கால் இஞ்ச் போல்ட்டுக்கான ஸ்பேனர் வாய் 13.3 மில்லிமீட்டர், எதோடும் சேராது. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளைக் கிளறினால் இங்கிலாந்தில் செய்த விட்வொர்த் ஸ்பேனர் சில நேரம் அகப்படும். புது செட் வாங்குகிற காசில் அதை வாங்குங்கள் என்பேன், ஆனால் அலங்காரத்துக்கு வாங்குகிறவர்கள் விலையை ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

ஜாக்கியை யார் வாங்கினாலும் டன் எத்தனை என்றுதான் கேட்கிறோம், ஸ்டாண்ட் வாங்கினாயா என்று கேட்பதில்லை. ஹைட்ராலிக் ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். ஒரு ரப்பர் சீல் போனால் மெதுவாகவும் இறங்கும், சட்டென்றும் இறங்கும். ஸ்டாண்ட் இல்லாமல் உள்ளே தலையை விடக் கூடாது, ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி ஸ்டாண்ட் என்று சொல்லவும் கூடாது, அது நொறுங்குவதற்கு முன் சத்தம்கூடக் கொடுக்காது. நம் செம்மண் தரையில் மழை பெய்த மறுநாள் ஜாக்கி அடி அப்படியே புதையும், கீழே தடித்த பலகை போடுங்கள். இரவல் கொடுத்தால் ஸ்டாண்ட் இரண்டையும் வண்டியில் ஏற்றி அனுப்புங்கள், திரும்பி வராமல் போனாலும் பரவாயில்லை.

டார்க் ரெஞ்சை மட்டும் நான் இரவல் கொடுப்பதில்லை. கழற்றுவதற்கு அதைப் பயன்படுத்துவார்கள், வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்சத்துக்குத் திருப்பி வைக்க மாட்டார்கள், ஸ்பிரிங் தளர்ந்துவிடும். பிறகு அது காட்டுவது பொய்க் கணக்கு, அதைச் சரிபார்க்க அனுப்புகிற செலவும் என் தலையில். யாராவது கேட்டால் வண்டியையே இங்கே கொண்டு வரச் சொல்லிவிடுவேன், முடுக்கிக் கொடுக்கக் காசு வாங்குவதில்லை.