மஞ்சளான புல்லுக்கு யூரியா கொட்டாதீர்கள்

போன கிழமை திருகோணமலை உப்புவெளியில் ஒரு வீட்டுக்குப் போனேன். படலையைத் திறக்கும்போதே அமோனியா மணம் மூக்கில் ஏறியது. முன்வளவில் ஏறக்குறைய 5 பேர்ச் (1,360 சதுர அடி) புற்தரை, வைக்கோல் நிறத்தில் கிடந்தது. வீட்டு அக்கா கவலையோடு சொன்னார்: "தம்பி, மஞ்சளாப் போகுதெண்டு 10 கிலோ யூரியா போட்டம். அதுக்குப் பிறகு இன்னும் கருகிட்டுது. இன்னொரு 10 கிலோ வாங்கி வச்சிருக்கிறம்."

இந்தக் கோடைக் கச்சான் காற்று தொடங்கியபின் நான் பார்க்கும் ஐந்தாவது வீடு இது. ஐந்திலும் இதே கதைதான்.

புல் மஞ்சளானால் அதற்குப் பசி, பசிக்கு யூரியா என்ற நினைப்பு வயலிலிருந்து வந்தது. தம்பலகாமத்தில் நெல் வெளிறினால் யூரியா போடுவார்கள். அங்கே களிமண்ணும் நிற்கும் தண்ணீரும் இருக்கின்றன. உங்கள் வளவில் இருப்பது கடல் மணல். அதுவும் போக, புல் மஞ்சளாவதற்குக் குறைந்தது ஆறு காரணங்கள் உண்டு. குனிந்து ஒரு இலையைப் பிடுங்கிப் பாருங்கள்.

அடி இலைகள் முழுதாக ஒரே சீராக வெளிறி, புல் வளராமல் நின்றால் அது நைதரசன் குறைவு. யூரியா கேட்கும் மஞ்சள் இது ஒன்றுதான். இளம் இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. சிப்பித்தூள் கலந்த மணலில் இது அடிக்கடி வரும். நுனி மட்டும் கருகினால் பெரும்பாலும் உப்பு. இலை மடிந்து சாம்பல் நீலமாகி, நடந்த காலடி எழும்பாமல் அப்படியே பதிந்திருந்தால் தாகம். கையால் இழுக்கப் பாய் போல உரிந்து வந்தால் கீழே வண்டுப்புழு வேரைத் தின்றிருக்கிறது. ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில், அதே அளவில் மஞ்சளானால் அலவாங்கால் ஒருமுறை குத்திப் பாருங்கள். வீடு கட்டிய மேசன்மார் புதைத்துவிட்டுப் போன சீமெந்துக் கட்டியும் ஓட்டுத் துண்டும் வரும். எத்தனை வளவில் தோண்டி எடுத்திருக்கிறேன்!

அந்த அக்காவின் புல்லில் நுனிதான் முதலில் கருகியிருந்தது. உப்புத் தாங்காத புல், கோடையில் உவர்ந்துபோன கிணற்றுத் தண்ணீர், அதற்குமேல் யூரியா. யூரியாவும் ஒரு உப்பைப் போலத்தான் வேரை வாட்டும்.

உண்மையிலேயே நைதரசன் குறைவு என்றாலும் 100 சதுர அடிக்கு 100 கிராம் யூரியாவைத் தாண்டக்கூடாது. 5 பேர்ச்சுக்கு ஒன்றரைக் கிலோவுக்குள் முடிந்துவிடும். அதையும் ஈரமண்ணில் தூவி, உடனே தண்ணீர் விட வேண்டும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது ஒரு பை யூரியாவுக்கு விவசாயிகள் அலைந்ததை நான் கிட்ட நின்று பார்த்தவன். முன்வளவில் 10 கிலோவைக் கொட்டியிருப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

கொட்டியது எங்கே போகிறது? மணல் அதைப் பிடித்து வைக்காது. நைத்திரேற்றாக மாறி நேரே நிலத்தடி நீருக்கு இறங்கும். அந்த வீட்டுக் கிணறு புற்தரையிலிருந்து பத்தடி தூரத்தில் இருக்கிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கூடினால் முதலில் பாதிக்கப்படுவது புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை. தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. தயவுசெய்து இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

இன்னொன்று. நம் நகரத்தில் புள்ளிமான்கள் தெருவிலும் வளவிலும் திரிகின்றன. மாடும் ஆடும் அப்படியே. யூரியா கரைத்த வாளியை வெளியில் வைக்காதீர்கள். அசைபோடும் விலங்கு அதைக் குடித்தால் சில மணி நேரத்தில் செத்துப்போகலாம்.

சரி, எந்தப் புல்? கொழும்புப் பக்கத்திலிருந்து சுருட்டி லொறியில் வரும் அகன்ற இலை மலேசியன் புல் ஈரத்துக்கும் அரை நிழலுக்கும் உரியது. நிலாவெளி வெயிலில் விரித்துவிட்டு வைகாசியில் அழுவதில் பயனில்லை. வெயில் வளவுக்கு அறுகு. கொஞ்சம் நிழலும் இருந்தால் மணிலாப் புல். இரண்டும் உப்பை ஓரளவு தாங்கும். அறுகுக்குக் காசே வேண்டாம், உங்கள் வேலியோரத்திலேயே நிற்கிறது. அடர்ந்த மாமர நிழலில் எந்தப் புல்லும் வேண்டாம். கூட்டிப் பெருக்கின வெள்ளை மணல் முற்றம் அழகுதானே, ஏன் அதை மூட அவசரப்படுகிறீர்கள்?

நடுகிற காலம் புரட்டாதிக் கடைசி, ஐப்பசித் தொடக்கம். கார்த்திகைப் பெருமழை வருமுன் வேர் பிடித்துவிட வேண்டும். கோரைக்கிழங்கை முதலில் தோண்டி எடுங்கள். மேலே அறுத்தால் கிழங்கிலிருந்து மறுபடியும் முளைக்கும். மேல் நான்கு அங்குலத்தில் மக்கிய மாட்டெருவையும் நல்ல மண்ணையும் கலவுங்கள். கிரவல் கொட்டி இறுக்க வேண்டாம். மூன்று கணுவுள்ள கொடித் துண்டுகளை அரை அடி இடைவெளியில், நுனி வெளியே தெரியப் பதித்து மிதித்துவிடுங்கள். முதல் இரண்டு கிழமை தினமும் தண்ணீர். பிறகு கிழமைக்கு இரண்டு தரம், காலையில், ஆழமாக. 100 சதுர அடிக்குக் கிழமைக்கு 230 லீற்றர் அளவு போதும். தினமும் பின்னேரம் குழாயால் தெளிப்பது மேல் மணலை மட்டும் நனைக்கும்; வேர் கீழே போகாது.

பழைய புற்தரையில் வெறுமை விழுந்த இடங்களுக்கும் இதே முறைதான். காரணத்தை நீக்கிவிட்டு, ஓரத்துப் புல்லை உள்ளங்கை அளவில் வெட்டி நடுங்கள். வளர்ந்த புல்லைக் கத்தரிக்கும்போது உயரத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேல் எடுக்காதீர்கள்.

கிணற்றுத் தண்ணீர் மேல் சந்தேகமா? ஒரு சட்டியில் அறுகு நட்டு, இரண்டு கிழமை அந்தத் தண்ணீரையே ஊற்றிப் பாருங்கள். நுனி கருகினால் கோடையில் புல்லை அப்படியே விட்டுவிடுங்கள். அறுகு காய்ந்தாலும் கொடி உயிரோடு கிடக்கும். வாடை மழை உப்பைக் கழுவியதும் தளிர்க்கும்.

அந்த அக்காவிடம் மீதி 10 கிலோவைக் கடையில் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கும்வரை பேரப்பிள்ளைக்குக் குழாய்த் தண்ணீரில் பால் கரைக்கச் சொல்லியிருக்கிறேன். ஐப்பசியில் மண்வெட்டியோடு வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.