காரியம் முடிந்ததும் நீட்டப்படும் உயில்: கையெழுத்துப் போடும் முன்

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு ஓர் உயில் வெளியே வரும். கூடவே, தங்கைகள் கையெழுத்துப் போட, சொத்தில் தங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாகச் சொல்லும் ஒரு விடுதலைப் பத்திரமும் தயாராக இருக்கும். "உயில்தான் இருக்கே, இது சும்மா சம்பிரதாயத்துக்கு" என்பார்கள். அங்கேயே நிதானியுங்கள். உயில் செல்லும் என்றால் உங்கள் விடுதலைப் பத்திரம் எதற்கு? அதைக் கேட்கிறார்கள் என்றாலே அந்த உயிலை ஒருமுறை ஊன்றிப் பார்க்க வேண்டும். விடுதலைப் பத்திரம் பதிவாகிவிட்டால், அதை ரத்து செய்யத் தனியாக வழக்காட வேண்டிவரும்.

உயிலைப் பார்க்கவே விடுவதில்லையா? பதிவான உயில் என்றால், எழுதியவர் இறந்தபின் அதன் சான்றிட்ட நகலை யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம் என்கிறது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். இறப்புச் சான்றிதழோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனால் போதும். பதிவாகாத உயிலும் செல்லும் என்பதால், பதிவு இல்லை என்று மட்டும் வாதாடிப் பயனில்லை.

அதேபோல, பதிவாகிவிட்டது என்பதாலேயே அது உண்மை என்று ஆகிவிடாது. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, குறைந்தது இரண்டு சாட்சிகள் உயிலில் கையெழுத்திட்டிருக்க வேண்டும். உயிரோடு இருக்கும் சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்துக்கு வந்து சொல்ல வேண்டும். பலருக்கும் தெரியாத முக்கியமான விஷயம், நிரூபிக்கும் பொறுப்பு உயிலைக் கொண்டுவந்தவருடையது. சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலை இருந்தால் அதைப் போக்க வேண்டியவரும் அவரே என்று 1958-இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்பா நினைவு தப்பிப் படுத்திருந்த நாளில் உயில் எழுதப்பட்டிருப்பது, பெருஞ்சொத்தைப் பெறுபவரே முன்னின்று எழுத வைத்திருப்பது, கையெழுத்து மாறியிருப்பது எல்லாம் அந்த வகை. எனவே ஆஸ்பத்திரிக் குறிப்புகளையும், அப்பாவின் பழைய கையெழுத்து உள்ள காகிதங்களையும் பத்திரப்படுத்துங்கள். மகளுக்கு ஒன்றும் எழுதவில்லை என்பது மட்டும் போதாது; சுயசம்பாத்தியத்தை யாருக்கும் எழுதிவைக்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் பூர்வீகச் சொத்தில் இந்து ஒருவர் தன் பங்கை மட்டுமே உயிலாக எழுத முடியும்.

சொத்து எவ்வளவு என்று தெரியாமல் எந்தச் சமாதானத்துக்கும் போகாதீர்கள். நான் முதலில் தேடச் சொல்வது அப்பாவின் பாஸ்புக். எல்ஐசி பிரீமியம், லாக்கர் வாடகை, டீமேட் (பங்குகளை வைத்திருக்கும் கணக்கு) கட்டணம், ஈவுத்தொகை என்று ஒவ்வொரு வரியும் ஒரு சொத்தைக் காட்டிக்கொடுக்கும். நிலத்துக்குப் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எல்லாமே இணையத்தில் கிடைக்கும். பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு ஒரு தொடக்கக் கணக்குத்தான். சந்தை விலை வேறாக இருக்கும். பல ஆண்டுகளாகக் கேட்பாரற்றுக் கிடக்கும் வங்கிப் பணத்தை, ரிசர்வ் வங்கி 2023-இல் தொடங்கிய உத்கம் தளத்தில் தேடலாம். நாமினியாகப் பெயர் இருப்பவர் வங்கிப் பணத்தை வாங்கலாம்; அதனாலேயே அவர் உரிமையாளர் ஆகிவிடமாட்டார்.

அண்ணன் புரொபேட் (உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று) கேட்டு மனுப்போடுவார் என்று தோன்றினால், முந்திக்கொண்டு அந்த நீதிமன்றத்தில் கேவியட் (உங்களுக்குத் தெரிவிக்காமல் உத்தரவு தரக்கூடாது என்று கேட்கும் மனு) தாக்கல் செய்யுங்கள். உங்களுக்குச் சொல்லாமலே வாங்கியிருந்தாலும் ரத்து செய்யக் கேட்கலாம். புரொபேட் பெற்றவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும் ஓராண்டுக்குள் வரவுசெலவுக் கணக்கையும் நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். புரொபேட் போகாமல் சொத்தை விற்கப் பார்த்தால், பாகப்பிரிவினை வழக்குப் போட்டு விற்பனைக்கு இடைக்காலத் தடை கேளுங்கள். பட்டா மாற்றத்துக்கு ஆட்சேபம் தெரிவித்துத் தாசில்தாருக்கும் எழுதிக் கொடுங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்று பின்வாங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் எங்கே என்று கேளுங்கள்.