அயர்லாந்தில் மழை இல்லாத மாதம் எது?

போன டிசம்பர் கடைசியில் என்னோடு சுற்றிப் பார்க்க வந்தது ஒரு குடும்பம். டப்ளினிலிருந்து காலை எட்டுக்கே கிளம்பலாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். ஆற அமரச் சாப்பிட்டு, போட்டோ எடுத்து, பதினொன்றரைக்குத்தான் வண்டி ஏறினார்கள். வழியில் ஒரு நிறுத்தம் வேறு. மேற்குக் கரையில் இருக்கும் மோஹர் செங்குத்துப் பாறைகளுக்குப் போய்ச் சேர மணி நாலு. 214 மீட்டர் உயரப் பாறை. தெரிந்ததோ பலகைக்கல் சுவரும் அதற்கப்பால் மூடுபனியும்தான். நாலரைக்குள் சூரியன் விழுந்தது. "மழையே இல்ல, ஆனா ஒண்ணும் தெரியலையேண்ணா" என்றார் அந்த அம்மா.

கைடான என்னிடம் எல்லாரும் அதிகம் கேட்பது "எந்த மாசம் மழை இருக்காது?" அப்படியொரு மாதம் அயர்லாந்தில் கிடையாது. கிழக்கே வருடத்துக்குச் சுமார் 150 நாள், மேற்குக் கரையில் 225 நாள் வரை மழை உண்டு. கோடை என்றால் வறண்டிருக்கும் என்று ஜூலை, ஆகஸ்டில் லீவு போட்டு வருகிறார்கள். கிழக்கே டப்ளினிலும் மேற்கே ஷானனிலும் சராசரி பார்த்தால் மே மாதத்தைவிட ஆகஸ்டில்தான் மழை அதிகம்! அதுவும் கொட்டித் தீர்க்கும் மழையல்ல. சாரல் அடிக்கும், அரை மணியில் வெயில், மறுபடி சாரல். நனைந்தபடியே சுற்றிப் பார்க்கலாம். இருட்டில் என்ன பார்ப்பீர்கள்?

வெளிச்சத்தைக் கேளுங்கள் ஐயா. ஜூனில் பகல் 17 மணி நேரம், டிசம்பரில் ஏழரை. குளிரைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். குளிர்காலப் பகலில்கூட 8 டிகிரி வாக்கில் இருக்கும். பனி கொட்டுமென்று ஆசையாய் வருபவர்கள் ஏமாந்துதான் போகிறார்கள்.

என்னைக் கேட்டால் மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை. வெயில் மணிகள் அதிகம் கிடைப்பது மே, ஜூனில்தான். ஸ்கெல்லிக் மைக்கேல் தீவில் இறங்கும் படகுகள் மே நடுவில் தொடங்கிச் செப்டம்பரோடு நின்றுவிடும். அங்கே கூடு கட்டும் பஃபின் கடற்பறவைகளோ ஆகஸ்ட் தொடக்கத்திலேயே கடலுக்குப் பறந்துவிடும். ஆகஸ்ட் கடைசியில் வந்து "பஃபின் எங்கே?" என்றால் நான் எங்கே போவேன்? படகு டிக்கெட் கையில் இருந்தாலும் ஒரு நாள் உபரியாக வையுங்கள். வெயில் பளிச்சென்று அடிக்கும்போதே அலை காரணமாகப் படகை ரத்து செய்வார்கள்; படகோட்டியிடம் சண்டை போட்டுப் பலனில்லை.

மார்ச் 17, புனித பேட்ரிக் திருநாளை ஒட்டி டப்ளினில் ரூம் தேடாதீர்கள், விலை கேட்டாலே தலை சுற்றும். ஷெங்கன் விசா இங்கே செல்லாது. இதை எத்தனை முறைதான் சொல்வது! வானிலைத் துறை ஆரஞ்சு எச்சரிக்கை விட்டால் பாறை விளிம்புப் பக்கமே போகவேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

தொப்பி வைத்த ரெயின் ஜாக்கெட் ஒன்று போதும், குடை வேண்டாம். மேற்குக் கரைக் காற்றில் கம்பி ஒடிந்த குடைகள் ஐந்து என் வண்டி டிக்கியில் கிடக்கின்றன. உரியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம்.