சிப்பிப் பசையும் பார்க்கின்சன் மாத்திரையும்

டோபமைன் பூசிய ஸ்டென்ட் (ரத்தக் குழாயை விரித்து வைக்கும் சிறு குழல்), டோபமைன் பசை என்று கைப்பேசியில் செய்தி வரும்போதெல்லாம் கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையில் எங்கள் மருந்துக்கடைக்கு ஒரே கேள்விதான் வருகிறது: "இது வந்துவிட்டால் அப்பாவுக்குப் பார்க்கின்சன் மாத்திரை வேண்டாம்தானே சார்?"

வேண்டும். பார்க்கின்சன் என்பது மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் குறைவதால் வரும் நோய். செய்தி பொய்யல்ல, ஆனால் அந்தப் பூச்சுக்கும் அப்பாவின் கை நடுக்கத்துக்கும் சம்பந்தமில்லை.

விழிஞ்ஞம் முதல் குளச்சல் வரை பாறையில் சிப்பி எடுப்பவர்களுக்கு அதன் பிடிப்பு தெரியும். அலை ஓயாமல் அறைந்தாலும் விடாது. இரும்பு கொண்டு நெம்ப வேண்டும். நம் சிப்பிக்கு உறவான ஓர் இனத்தின் பசைப் புரதத்தில் டோபா என்ற அமினோ அமிலம் இருப்பதை 1981இல் ஹெர்பர்ட் வெயிட் வெளியிட்டார். டோபமைன் அதற்கு நெருங்கிய மூலக்கூறு. 2007இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பிலிப் மெஸ்ஸர்ஸ்மித் குழுவினர் டோபமைனை லேசான காரநீரில் கரைத்து, அதில் பலவகைப் பொருள்களை ஊறவைத்தார்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, கருத்து, எல்லாவற்றின் மீதும் படிந்தன. எதுவும் ஒட்டாத டெஃப்ளானையும் விடவில்லை! ஒரு நாள் ஊறினாலும் படலத்தின் தடிமன் சுமார் 50 நானோமீட்டர்தான். இதன் பெயர் பாலிடோபமைன். இதன்மேல் கிருமியைக் கொல்லும் வெள்ளித் துகளையோ மருந்தையோ ஏற்றலாம் என்பதால்தான் ஸ்டென்ட், எலும்பில் பொருத்தும் உலோகம், புண் கட்டு என்று ஆய்வுகள் விரிகின்றன. ஆனால் பிணைந்துவிட்ட பிறகு அது தோலுக்கு நிறம் தரும் மெலனின் போன்ற ஒரு பொருள். மூளைக்குப் போய் டோபமைன் வேலையைச் செய்யாது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ரத்த அழுத்தத்தைத் தூக்க ரத்தக் குழாயில் ஏற்றும் டோபமைன்கூட ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைத் தாண்டாது. தாண்டுவது பார்க்கின்சன் மாத்திரையிலுள்ள லெவோடோபா, அது மூளைக்குள் போய் டோபமைனாக மாறுகிறது. வழியிலேயே மாறிவிடாமல் காக்கத்தான் கூடவே கார்பிடோபா சேர்க்கிறார்கள். அட்டையில் இருக்கும் 110, 125, 275 என்பவை இவ்விரண்டின் கூட்டுத்தொகை. 110, 125 இரண்டிலும் லெவோடோபா 100 மில்லிகிராம்தான். கார்பிடோபா மட்டுமே 10, 25 என்று வேறுபடுகிறது. திருவனந்தபுரத்தில் எழுதிய சீட்டோடு வந்து, "பெரிய நம்பர் கொடுங்கள், வேகமாகக் கேட்கும்" என்பவர்களுக்கு இதைச் சொல்லாமல் நான் அட்டையை நீட்டுவதில்லை.

மரச்சீனியும் மீன்கறியும் சாப்பிட்ட கையோடு மாத்திரை போடுவது இங்கே வழக்கம். மீனின் புரதம் லெவோடோபாவோடு போட்டியிடுவதால் சிலருக்கு மருந்து சரியாக வேலை செய்யாது. மருத்துவர் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே போடுவது நல்லது. புதுச் சிகிச்சை வரப்போகிறது என்று நம்பி மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது இதைவிடப் பெரிய ஆபத்து: கடும் காய்ச்சலும் தசை இறுக்கமும் வந்து உயிருக்கே உலை வைக்கலாம்.

இன்னொன்று பூனைக்காலி விதைப் பொடி. எல்லைக்கு அந்தப் பக்கம் நாய்க்குரணப் பொடி என்று விற்கிறார்கள். அந்த விதையில் லெவோடோபா இயற்கையாகவே இருக்கிறது. ஒரு கரண்டியில் எவ்வளவு என்பது பொடிக்குப் பொடி மாறும். மாத்திரையோடு இதுவும் சேர்ந்தால் வாந்தி, எழுந்து நிற்கும்போது தலைசுற்றல், கட்டுப்படாத உடல் அசைவுகள், இல்லாததைக் காண்பது என்று தொல்லைகள் வரலாம். வீட்டில் அந்தப் பொடி இருந்தால் அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மாத்திரை அட்டையோடு டப்பாவையும் எடுத்துச் சென்று காட்டுங்கள்.