மாந்தோப்புக் குத்தகை: ஒரு ஹதீஸை மட்டும் பார்த்து முடிவு சொல்லலாமா?

மார்கழி, தையில் மா பூத்ததும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவேரிப்பட்டினம், போச்சம்பள்ளி பக்கம் தோப்புக் குத்தகை, அதாவது வரப்போகும் காய்க்கு முன்கூட்டியே விலை, பேச ஆரம்பித்துவிடுவார்கள். கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு ஹதீஸும் (நபிமொழி) சுற்றும்: பலன் வெளிப்படும் முன் கனிகளை விற்பதை நபி (ஸல்) தடுத்தார்கள். நபித்தோழர் இப்னு உமர் (ரலி) அறிவிப்பது. புகாரி, முஸ்லிம் என்ற இரு ஹதீஸ் தொகுப்புகளிலும் உள்ள ஸஹீஹான (ஆதாரபூர்வமான) ஹதீஸ். விற்பவர், வாங்குபவர் இருவரையுமே தடுத்தார்கள் என்றும் அதில் உண்டு. ஃபார்வர்டில் அந்தப் பகுதி பெரும்பாலும் இருக்காது. இதை வைத்து ஒருவர் ‘எல்லாக் குத்தகையும் ஹராம்’ (மார்க்கத்தில் தடை) என்பார். மற்றவர் ‘அது மதீனாவின் பேரீச்சைக்குச் சொன்னது’ என்பார். இரண்டுமே அவசரம்.

முதலில் அதே விஷயத்தில் வந்த மற்ற அறிவிப்புகளைத் திரட்ட வேண்டும். ஸைத் பின் ஸாபித் (ரலி) பின்னணியைச் சொல்கிறார்: முன்கூட்டியே வாங்கிவிட்டு, பறிக்கும் நேரத்தில் ‘அழுகிவிட்டது, நோய் விழுந்தது, பிஞ்சிலேயே உதிர்ந்தது’ என்று தகராறு செய்தார்கள், வழக்கு பெருகவே நபியவர்கள் ஆலோசனை போல இதைச் சொன்னார்கள். அனஸ் (ரலி) அறிவிப்பில் காரணம் நேராகவே வருகிறது: அல்லாஹ் கனியைத் தடுத்துவிட்டால் எதற்கு ஈடாக உன் சகோதரனின் பணத்தை எடுப்பாய்? ஆக, பேச்சு பேரீச்சையைப் பற்றியது அல்ல. தத்துப்பூச்சியும் சாம்பல் நோயும் ஆலங்கட்டி மழையும் உள்ள இடத்தில் காரணம் அப்படியே நிற்கிறது.

பிறகு மத்ஹபுகள், அதாவது ஹனஃபி, மாலிகி, ஷாஃபிஈ, ஹன்பலி என்ற நான்கு சட்டப் பள்ளிகள். காய் பிடிக்கும் முன் காயை விற்பது செல்லாது என்பதில் நான்கும் ஒன்று. பிஞ்சு தெரிந்தபின் விற்கலாம் என்பது ஹனஃபி நிலை. ஆனால் ‘பழுக்கும்வரை மரத்திலேயே விட வேண்டும்’ என நிபந்தனை போட்டால் ஒப்பந்தம் கெடும். ஊர் வழக்கத்தைக் கருதி இதைத் தளர்த்திய பிற்கால அறிஞர்களும் உண்டு. மூன்று வருடக் காயை இப்போதே விலைபேசுவது தனிச் சிக்கல்: பல ஆண்டுப் பலனை விற்பதற்குத் தடை, ஜாபிர் (ரலி) வழியாக முஸ்லிமில் இருக்கிறது.

தோப்புக்காரருக்கும் பராமரிப்பவருக்கும் பொருந்துவது பங்குமுறை, அதாவது முஸாகாத். மதீனாவுக்கு வடக்கே உள்ள கைபரில், அங்கே தோப்பைப் பராமரித்தவர்களிடம் விளைச்சலில் பாதி என்று நபியவர்கள் பேசினார்கள். இமாம் அபூஹனீஃபா இதை ஏற்கவில்லை. அவருடைய மாணவர்கள் அபூயூசுஃப், முஹம்மத் இருவரும் ஏற்றார்கள், ஃபத்வாவும் (மார்க்கத் தீர்ப்பும்) அவர்கள் பக்கமே. பங்கைப் பாதி, மூன்றில் ஒன்று என்றுதான் எழுத வேண்டும். ‘எனக்கு 5 டன், மிச்சம் உனக்கு’, ‘கிணற்றோர மரங்கள் எனக்கு’ என்று எழுதினால் ஒப்பந்தம் கெட்டது. ஒரு பக்கம் விளைந்து மறுபக்கம் பொய்த்துப்போகும் என்பதால் நிலக் குத்தகையில் இத்தகைய பங்கீடு தடுக்கப்பட்டதை ராஃபிஉ பின் கதீஜ் (ரலி) சொல்கிறார். மருந்து, தண்ணீர், காவல் யார் செலவு என்பதையும் பத்திரத்திலேயே சேர்த்துவிடுங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் வைகாசியில் ஜமாஅத் பஞ்சாயத்துதான்.

முறையாக விற்றபின் காற்றடித்துக் காய் கொட்டினால்? ‘ஆபத்து தாக்கினால் சகோதரனிடம் எதையும் பெறுவது ஆகுமானதல்ல’ என்கிறது ஜாபிர் (ரலி) அறிவிப்பு. அப்படி நஷ்டப்பட்ட ஒருவருக்குத் தர்மம் செய்யும்படி நபியவர்கள் மக்களிடம் சொல்லி, கிடைத்ததை அவருக்குக் கடன் கொடுத்தவர்களுக்குக் கொடுத்ததாக அபூஸயீத் (ரலி) அறிவிப்பு. மாலிகி மத்ஹப் முதலாவதை எடுத்து, மூன்றில் ஒரு பங்கு போனால் விலையைக் குறைக்கச் சொல்கிறது. ஹனஃபிகள் இரண்டாவதையும் சேர்த்துப் பார்த்து, குறைப்பது நல்லது, கட்டாயமில்லை என்கிறார்கள். எதன்படி நடப்பது என்று முன்பணம் கைமாறும் முன்பே உங்கள் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) கேட்டு முடித்துக்கொள்ளுங்கள்.